ஏணியில் எந்தப் படி

என் வீட்டில் எத்தனை தட்டு இருக்கிறது என்று என்னைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அவர்களைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். தட்டு, கரண்டி, போர்வை, செருப்பு, எத்தனை வேளை சாப்பிட்டோம், எதை நினைத்து அழுதோம், எல்லாக் கணக்கும் அவர்களிடம் இருக்கிறது. வருடம் தவறாமல் வந்து எண்ணிக்கொண்டு போகிறார்கள். போகும்போது ஒரு சோப்புக் கட்டி கொடுப்பார்கள். அந்தச் சோப்பைப் போட்டுக் குளித்தால் உடம்பெல்லாம் அரிக்கும். அதையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். சோப்பைப் பற்றி அவர்களிடம் கேள்வி இல்லையாம், அதனால் எழுதிக்கொள்ள முடியாதாம்.

பரம ஏழைகளைக் கைதூக்கிவிடும் திட்டம் என்று அதற்குப் பெயர். பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. கொட்டகையில்தான் எனக்கும் வேலை. அந்தத் தெருவில் யார் ஏழை, யார் பரம ஏழை என்று கண்டுபிடிக்கப் படித்தவர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். நாங்கள் தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அவர்கள் தேடுவதை வேடிக்கை பார்த்தோம். அலைந்து திரிந்து, கடைசியில் தெரு மொத்தமும் பரம ஏழைதான் என்று கண்டுபிடித்தார்கள். எங்களைக் கேட்டிருந்தால் வேன் செலவாவது மிச்சமாகியிருக்கும்.

சரி, தெரு மொத்தத்துக்கும் கொடுப்பார்கள் என்று பார்த்தால் அதுவும் இல்லை. பாதி வீட்டுக்குத்தான் மாடு. மீதி வீடுகள் சும்மா இருக்க வேண்டும். மாடு வாங்கிய வீடு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் முன்னேறாத வீடு ஒன்று வேண்டுமாம். தராசில் ஒரு தட்டில் பொருளை வைத்தால் மறு தட்டில் கல்லை வைக்கிறோம் இல்லையா, அந்தக் கல் நாங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். என் ஓரகத்தி வீட்டுக்கு மாடு வந்தது. என் வீட்டுக்குக் கேள்வி வந்தது.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி. நான் மூத்தவள், அவள் சின்னவள். சின்னவள் என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அவளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டுமானால், மக்கு. கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்காமல் வந்து நிற்பாள். யாராவது அதட்டிப் பேசினால் தப்பு தன்மேல் இல்லாவிட்டாலும் தலையைக் குனிந்துகொள்வாள். இவளுக்குப் போய் மாடு கொடுத்திருக்கிறார்களே, ஒரு மாதத்தில் தொலைத்துவிட்டு வந்து நிற்பாள் என்று எனக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

மாட்டோடு ஒரு டீச்சரும் வந்தாள். வாரம் ஒருமுறை வந்து மாட்டை எப்படிக் குளிப்பாட்டுவது, பணத்தை எப்படிச் சேர்ப்பது, தன்னம்பிக்கையோடு எப்படி நிமிர்ந்து நடப்பது என்று சின்னவளுக்குப் பாடம் எடுப்பாள். நாங்கள் அவளுக்கு மாட்டு டீச்சர் என்று பெயர் வைத்தோம். மாடு தலையை ஆட்டினால் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டு பாடம் நடத்துவாள். அவள் சொல்லிக்கொடுத்ததில் சின்னவள் மண்டையில் ஏறியது மிகக் குறைவு. ஒன்றை மட்டும் அவள் சொல்லாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதை என் காதுபடத்தான் சொன்னாள்.

"பாலோ காசோ, அந்தப் பக்கத்து வீட்டுக்கு எதுவும் குடுக்கக் கூடாது. அந்த வீடு இப்ப இருக்கிற மாதிரியேதான் இருக்கணும். அப்பதான் உங்ககிட்ட வந்திருக்கிற மாற்றம் தெரியும். குடுத்தீங்கன்னு தெரிஞ்சா மாட்டைத் திருப்பி ஓட்டிட்டுப் போயிடுவாங்க."

அந்த வீடு இப்படியேதான் இருக்கணும். படித்த வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். அப்போது என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பெயிண்ட் அடிக்கிற வேலை. மூன்று மாடிக் கட்டடத்தில் ஏணி சறுக்கிக் கீழே விழுந்து இடுப்பு போயிற்று. மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்படியே இருக்க வேண்டிய வீடு அது.

மறுநாள் காலையில் சுவர் மேல் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் பால். எட்டிப் பார்த்தேன். சின்னவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது? டீச்சர் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சுக்கா."

"அப்புறம்?"

"அவங்க காலையில வரமாட்டாங்கக்கா."

அவ்வளவுதான் அவள் விளக்கம். அன்று தொடங்கி அந்தத் தூக்கு சுவரைத் தாண்டாத நாள் இல்லை. நெளிந்து, பிடி அறுந்து, கம்பி போட்டுக் கட்டி, அதே தூக்கு. பசு இரண்டாவது கன்று போட்டபோது அதை எனக்கென்றே வளர்த்தாள். ஆனால் கேள்வி வீட்டில் மாடு நின்றால் மாட்டிக்கொள்வோம் என்று தன் கொட்டிலிலேயே கட்டி வைத்துக்கொண்டாள். நான் அந்தப் பாலை வீடு வீடாக ஊற்றினேன். அதில் என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். தார்ப்பாய் போய்த் தகரம் வந்தது. கட்டில் வந்தது, ஃபேன் வந்தது, மகளுக்குக் கல்யாணமும் ஆனது. யார் கேட்டாலும் உழைத்தேன் என்றேன். உழைக்கவும்தான் செய்தேன்.

வருடா வருடம் வருகிற கேள்விக்காரிகளிடமும் அதையேதான் சொன்னேன். பால் வாங்குகிறீர்களா? இல்லை. சொந்தக்காரர்கள் யாராவது உதவுகிறார்களா? இல்லை. பிறகு எப்படித் தகரம் போட்டீர்கள்? உழைத்தேன். அவர்கள் கையில் இருக்கும் கண்ணாடிப் பலகையில் தட்டிக்கொள்வார்கள். கடைசியில் ஒரு படத்தை எடுத்து நீட்டுவார்கள். ஏணிப் படம். உச்சிப் படியில் இருக்கிறவர்கள் ரொம்ப நன்றாக வாழ்கிறவர்களாம். அடிப்படியில் இருக்கிறவர்கள் ரொம்பக் கஷ்டப்படுகிறவர்களாம். நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும்.

ஏணியிலிருந்து விழுந்த மனிதரைப் பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொண்டு ஏணிப் படத்தை நீட்டினால் எனக்கு எப்படி இருக்கும்? நான் ஏணிக்கே வெளியே, கீழே தரையில் விரலை வைப்பேன். அங்கே வைக்கக் கூடாது அக்கா, படியில்தான் வைக்க வேண்டும் என்பார்கள். சரி, அடிப்படி என்று போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். பிறகு வீட்டு நிலைமை கொஞ்சம் தேறியதும் இரண்டாவது படி, மூன்றாவது படி என்று என் மனம் போன போக்கில் வைத்தேன்.

இப்போது வருகிற கேள்விக்காரி கொஞ்சம் நல்ல பெண். வெயிலில் வந்தால் என் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவாள். பால் டீதான். பால் வாங்குகிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று நான் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே அந்த டீயை உறிஞ்சுவாள். ஒருநாளும் தலை நிமிர்த்திக் கேட்டதில்லை. இந்த வருடம் வந்தபோது டீ ஆறும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, முகத்துல ஈயாடல?"

"இதோட முடிஞ்சுடும் போலிருக்கு அக்கா. மாடு குடுத்த வீடும் குடுக்காத வீடும் இப்ப ஒரே மாதிரி இருக்காம். அப்படின்னா மாடு குடுத்ததால நிலைச்சு நிக்கிற மாதிரி ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தமாம். சும்மா விட்டாலே அவங்க முன்னேறிக்கிறாங்கன்னு பெரிய சார் சொல்றாரு. கடைசியா ஒரு தடவை நேர்ல பார்க்க வராரு. இந்தத் தெருவும் அப்படியே இருந்தா மூடிட வேண்டியதுதான். புதுசா எடுத்த தெருக்களுக்கும் கிடையாது. எனக்கும் வேலை போயிடும்."

புதிதாக எடுத்த தெருக்களில் ஒன்று என் மகளுடைய தெரு. பஸ் ஏறிப் போனால் ஊரின் மறு கோடியில் இருக்கிறது. அவள் புருஷன் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, மாடி வீடுகளில் படிக்கட்டு கழுவிப் பிழைக்கிறாள். மழை பெய்தால் மூன்று பேரும் உட்கார்ந்தே தூங்குகிறார்கள். அவளுக்கு மாடு வரும் என்றுதான் நான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். சின்னவள் கொட்டிலில் எனக்கென்று வளர்ந்த மாட்டை என் வீட்டுக்காரருடைய கடைசி வைத்தியத்துக்கு விற்றாயிற்று, அவரும் போய்ச் சேர்ந்தார். சின்னவளிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கறவை. அந்தப் பாலை டீக்கடைக்கு ஊற்றித்தான் என் கொழுந்தனுடைய நெஞ்சு வலிக்கு மாத்திரை வாங்குகிறாள். எனக்குச் சுவர் தாண்டுவது போக அவளிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லை.

"ஒரே மாதிரியா இருக்கு? எதை வெச்சுச் சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுல இருக்கிற சாமான் கிட்டத்தட்ட ஒண்ணு. ஏணிப் படத்துல நீங்களும் பக்கத்து வீட்டு அக்காவும் காட்டுற படியும் எல்லா வருஷமும் ஒண்ணு."

"அது எப்படி எல்லா வருஷமும் ஒண்ணா இருக்கும்?"

கேள்விக்காரி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "அவங்ககிட்ட படத்தை நீட்டினா, 'எங்கக்கா எங்க வெச்சாங்க?'ன்னு கேப்பாங்க. சொல்லக் கூடாதுன்னுதான் ரூல். சொல்லலைன்னா விரலை எடுக்கவே மாட்டாங்க. அதனால எனக்கு முன்னாடி வந்தவங்களும் சொல்லிட்டாங்க, நானும் சொல்லிட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மாடு அவள் வீட்டில், மாட்டு டீச்சர் அவள் வீட்டில், நிமிர்ந்து நடக்கிற பாடம் அவள் வீட்டில். இத்தனையும் வாங்கிக்கொண்டு, நான் தரையில் விரல் வைத்த வருடம் அவளும் தரையில் வைத்திருக்கிறாள். இதைப் படித்தவர்கள் உட்கார்ந்து கூட்டிக் கழித்து, மாடு கொடுப்பதால் பிரயோஜனம் இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். இரண்டு தரப்பிலும் மூளை கொஞ்சமாவது இருக்கும் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

சுவரோரம் போய் நின்றேன்.

"ஏண்டி, ஏணியில நான் வெச்ச இடத்துலயே நீயும் விரலை வெச்சியா?"

"ஆமாக்கா."

"ஏன்?"

"உங்களுக்கு மேல நான் எப்படிக்கா நிக்கிறது?"

"அது படம்டி. காகிதம்."

"படமா இருந்தாலும்."

இவளிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. மகள் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு வீடும் ஒரே மாதிரி இருந்தால் அவளுக்கு மாடு கிடையாது என்றேன். அது மட்டும் அவளுக்கு உடனே புரிந்தது. கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"அப்ப என்னக்கா செய்யணும்?"

"என் வீட்டுச் சாமான் எல்லாம் உன் வீட்டுக்கு வரட்டும். அந்த ஆளு வரும்போது நான் ஒண்ணும் இல்லாதவ. நீ ராணி. ஏணியை நீட்டினா உச்சியில வை. என்னைப் பத்திக் கேட்டா, எதுவும் குடுத்ததில்லைன்னு சொல்லு."

"பொய் சொல்லணுமா?"

"இத்தனை வருஷமா வேற என்னடி சொன்னோம்?"

பெரிய சார் வருகிற நாள் காலையில் இருவருமாகக் கட்டிலைச் சுவருக்கு மேல் தூக்கிப் போட்டோம். ஃபேன், மிக்சி, பித்தளைக் குடம், இரும்புப் பெட்டி, பாய்கூட ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் போனது. அவள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. இரண்டு கட்டில், இரண்டு ஃபேன், இரண்டு மிக்சி. பழைய சாமான் கடை மாதிரி இருந்தது. நடுவில் அவள் கல்யாணத்துக்கு உடுத்துகிற சேலையைக் கட்டிக்கொண்டு, இறங்க வழியில்லாமல் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தாள். என் வீடு காலியாகக் கிடந்தது. எத்தனையோ வருடத்துச் சாமானை எடுத்த பிறகு பார்த்தால், ஒருகாலத்தில் அவர் படுத்துக் கிடந்த இடம் மட்டும் தரையில் வழவழப்பாகத் தெரிந்தது. அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பெரிய சார் கொட்டகையைத் தாண்டும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்தவர், என் வாசலில் வந்துதான் எடுத்தார். நல்ல ஷூ. அதை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்து வைத்தார். பின்னால் கேள்விக்காரி. உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். ஒன்றுமில்லாத வீட்டைப் பார்த்து ஒரு மனிதன் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. சட்டென்று அதை மறைத்துக்கொண்டு இரக்கத்துக்கு மாறினார்.

"போன வருஷம் கட்டில் இருந்ததா எழுதியிருக்கே அம்மா?"

"வித்துட்டேன் சார். வீட்டுக்காரர் வைத்தியத்துக்கு."

"ஃபேன்?"

"அதுவும்தான்."

"பார்த்தியா," என்று கேள்விக்காரி பக்கம் திரும்பினார். "ஒரு அடி விழுந்தா இவங்களால தாங்க முடியல. நான் அப்பவே நினைச்சேன்." எப்போது நினைத்தாரோ. ஏணிப் படத்தை நீட்டினார்கள். தரையில் விரலை வைத்தேன். இந்தத் தடவை யாரும் படியில் வை என்று சொல்லவில்லை.

பிறகு சின்னவள் வீட்டுக்குப் போனார்கள். நான் பின்பக்கமாக வந்து சுவரோரம் பாத்திரம் கழுவுவது போல் நின்றுகொண்டேன். கதவு திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. பெரிய சார் இரண்டு ஃபேனையும் அண்ணாந்து பார்த்தார். ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. மற்றொன்று, என்னுடையது, பெட்டி மேல் சாய்த்து வைத்திருந்தது. ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு மிக்சி என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டால் படித்தவன் கேள்வியை நிறுத்திவிடுவான் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஏணியை நீட்டினார்கள். சின்னவள் விரலை நீட்டிவிட்டு என் பக்கம் பார்த்தாள். நான் முறைத்தேன். விரல் ஒவ்வொரு படியாக ஏறிற்று. நடுவில் நின்றது. நான் மறுபடி முறைத்தேன். உச்சிக்குப் போனதும் தொட்டுவிட்டு, சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

"அருமை," என்றார் பெரிய சார். ஒரு போட்டோ எடுத்தார். அத்தோடு போயிருக்கலாம். ஆனால் உபதேசம் செய்யாமல் போனால் அவருக்குச் சாப்பாடு இறங்காது போலிருக்கிறது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். என் கட்டில்.

"பக்கத்து வீட்டுல இருக்கிறவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா சார். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம்."

"அவங்களைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். படுக்க ஒரு பாய்தான் இருக்கு. உங்ககிட்ட ரெண்டு கட்டில் இருக்கு. குடுக்க வேண்டாம்னு நாங்க சொன்னது வாஸ்தவம். அது எங்க கணக்குக்காக. ஆனா மனுஷங்கன்னு ஒண்ணு இருக்கு இல்லையா? இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது, ஒரு டம்ளர் பாலாவது குடுத்திருக்கீங்களா?"

சுவர் மேல் தூக்கு இருந்தது. காலையில் பால் ஊற்றி அவள் வைத்தது, நான் எடுக்க மறந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில், வெயிலில், மூடியோடு இருந்தது. கேள்விக்காரி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து பலகையைப் பார்த்தாள்.

"இல்லைங்க சார்," என்றாள் சின்னவள்.

"ஏன், மனசு வரலையா?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். "வரலைங்க சார்."

அந்த ஆளின் ஷூவைக் கழற்றி அவரையே அடித்திருப்பேன். குடுக்காதே என்று சொன்னதும் இவர்கள், ஏன் குடுக்கவில்லை என்று கேட்பதும் இவர்கள். ஒரு வார்த்தை போதும் எனக்கு. தூக்கைத் தூக்கிக் காட்டினாலே போதும். காட்டினால் மகளுக்கு மாடு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

"கையில நாலு காசு சேர்ந்தா மனசு சுருங்கிடுது. இதையும் எழுதிக்கோம்மா," என்றார் கேள்விக்காரியிடம். அவள் எழுதிக்கொண்டாள்.

அவர்கள் போனதும் சாமானைத் திருப்பிக் கொண்டுவரத் தொடங்கினோம். சின்னவள் என் ஃபேனின் இறக்கையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"நான் சரியாச் சொன்னேனாக்கா?"

"சொன்னே."

"மனசு வரலைன்னு சொன்னேனே, அதை எழுதிக்கிட்டாங்க."

"எழுதட்டும். எழுதித்தான் பிழைக்கிறாங்க."

"அதை அழிக்க முடியாதாக்கா?"

"கட்டிலை அந்தப் பக்கம் பிடி, வாயாடாதே," என்றேன். அவள் பிடித்தாள்.

நாடகம் பலித்தது. மாடு கொடுத்ததன் பலன் இத்தனை வருடம் கழித்தும் நிலைத்து நிற்கிறது என்று பெரிய சார் எழுதிவிட்டாராம். எங்கள் தெருவை வைத்துத்தான் முடிவே எடுத்தார்களாம். கேள்விக்காரி வந்து சொன்னாள், வேலை தப்பிய சந்தோஷத்தில். மகளுடைய தெருவில் சீட்டுப் போடுகிற நாளில் நானும் சின்னவளும் பஸ் ஏறிப் போனோம். அதே மாதிரி ஒரு வேன். அதே மாதிரி ஒரு மாட்டு டீச்சர், வேறு முகம். பாதி வீட்டுக்குத்தான் என்றாள். குலுக்கினார்கள், பெயர் பெயராகப் படித்தார்கள். மகள் இடுப்பில் சின்னதும் கையில் பெரியதுமாக என் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, எனக்கு என்ன விழுந்திருக்கு?"

"சோப்பு," என்றேன்.

மாடு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விழுந்தது. நான் ஒருவர் வீட்டு வாசலிலும் போய் நிற்காதவள். அன்று நின்றேன். என் மகளுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள், கறக்கும்போது அரை டம்ளர் ஊற்றினால் போதும் என்றேன். அந்தப் பெண் நெளிந்தாள்.

"குடுக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்களேம்மா. மாட்டைப் பிடிச்சிட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மழை பெய்தால் அவளும் உட்கார்ந்தே தூங்கியவள்தான். சொன்னதைக் கேட்கிற நல்ல பெண். இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டு அவர்கள் எதை வேண்டுமானாலும் அளக்கலாம். மகளையும் இதே மாதிரி வருடா வருடம் அளப்பார்கள், தட்டு எண்ணுவார்கள், அவள் அப்படியே இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். மகள் வீட்டுக்குள் வந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரையும் பார்த்தேன். ஆள் உயரம்.

திரும்பி பஸ் ஏறினோம். நான் வழி நெடுக அவர்களைத் திட்டிக்கொண்டு வந்தேன். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த சின்னவள், இறங்கும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். காலையில் இந்த பஸ் எப்போது கிளம்பும் என்று.

மறுநாள் காலையில் சுவர் மேல் வழக்கமான தூக்கு இருந்தது. அந்தப் பக்கம் சின்னவள் இன்னொரு தூக்கை, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அது யாருக்கு? டீக்கடைக்கா?"

"டீக்கடைக்குக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டேன்க்கா. நம்ம குழந்தைங்களுக்கு."

"உனக்குப் புத்தி இருக்கா? அந்தக் காசுலதானே உன் வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்குறே?"

"அவர்தான் குடுத்துட்டு வரச் சொன்னாரு." செருப்பை மாட்டிக்கொண்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மக்கு. தெருவைத் தாண்டிப் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். நேராக நடக்கத் தெரியாமல், தூக்கு அலம்பிவிடும் என்று ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நடந்தாள். இவளுக்கு மனசு வரவில்லையாம். எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்து நாசமாய்ப் போக.

மழை தொடங்கிய சமயத்தில் ஒருநாள், நான் கொட்டகையில் பாட்டில் மூடிகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மகளிடமிருந்து போன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அம்மா, கேள்வி கேக்க வந்திருக்காங்க. வாசல்ல உக்காந்திருக்காங்க. ஒரு ஏணிப் படத்தைக் காட்டி, எந்தப் படியில இருக்கேன்னு கேக்குறாங்க."

"தரையில வை."

"படியிலதான் வைக்கணுமாம்."

"அவங்க சொல்லுவாங்க. நீ தரையில வை."

"அப்புறம், வீட்டுல யாராவது பால் குடிக்கிறாங்களான்னு கேக்குறாங்க. என்ன சொல்றது?"

"சித்தி வந்துட்டுப் போயிட்டாளா?"

"இப்பதான் போனாங்க."

"குழந்தைங்க வாயைத் துடைச்சிட்டியா?"

"துடைச்சிட்டேன்."

"அப்ப இல்லைன்னு சொல்லு."